அடுத்த அறை வயலின்

எங்கள் வீட்டில் சந்தேகம் பரம்பரைச் சொத்து. அம்மா பால் பாக்கெட்டை முகர்ந்து பார்ப்பாள், காய்ச்சுவாள், பிறகு மறுபடியும் முகர்வாள். அப்பா கதவைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பார். அப்படிப்பட்ட வீட்டில் பிறந்தவள் நான். கோடைக்கால இசைப் பள்ளிக்குப் போன முதல் நாளே பக்கத்து நாற்காலிக்காரி மேல் எனக்குச் சந்தேகம் வந்ததில் அதிசயம் என்ன இருக்கிறது?

அவளுக்கு நான் வைத்த பெயர் பூனை. நடந்தால் சத்தம் வராது, பேசினால் பாதிதான் காதில் விழும், ஆனால் கண் மட்டும் எப்போதும் என் மேலேயே இருக்கும்.

விடுமுறைக்குக் காலியாகிப்போன ஒரு கல்லூரி விடுதியில்தான் பள்ளி நடந்தது. நாற்பது பிள்ளைகள், எல்லோரும் பதினைந்து பதினாறு வயது. காலையில் பெரிய கூடத்தில் ஆர்கெஸ்ட்ரா ஒத்திகை, மாலையில் அவரவர் பயிற்சி. எங்களை நடத்தியவர் கண்டக்டர். டிக்கெட் கிழிக்கிற கண்டக்டர் இல்லை, கையில் குச்சி வைத்துக்கொண்டு தாளம் காட்டுகிறவர். ஆனால் பேச்சு மட்டும் பஸ் கண்டக்டர் பேச்சுதான். வந்த அன்றே சொல்லிவிட்டார்: "இது நோட்ஸ் படிச்சு வாசிக்கிற இடம். படிக்கத் தெரியாதவங்க இப்பவே இறங்கிக்கலாம். பஸ் ஸ்டாண்டு பக்கத்துலதான் இருக்கு." எல்லோரும் சிரித்தோம். பூனை சிரித்தாளா என்று நான் கவனிக்கவில்லை.

வயலின்காரர்கள் இரண்டு பேருக்கு ஒரு ஸ்டாண்டு. அதில் சுரங்களைக் கோடும் புள்ளியுமாக எழுதிய நோட்ஸ் தாள் இருக்கும். உள்பக்கம் உட்காருகிறவர்தான் பக்கம் புரட்ட வேண்டும். முதல் ஸ்டாண்டில் வெளிப்பக்கம் நான், உள்பக்கம் பூனை. முதல் ஒத்திகையில் அம்மணி பக்கத்தைப் புரட்டவே இல்லை. நானே வில்லோடு கையை நீட்டிப் புரட்டிவிட்டு அவளை முறைத்தேன். அதற்குப் பிறகு ஒழுங்காகப் புரட்டினாள். ஆனால் தாளைப் பார்த்து இல்லை, என் முகத்தைப் பார்த்து. என் கண் கடைசி வரியின் ஓரத்துக்குப் போனதும் அவள் கை நீளும்.

அதோடு போயிற்றா? முதல் நாள் அவள் வில் தந்தியில் படவே இல்லை, சும்மா காற்றில் ஓட்டினாள். மறுநாள் அதே பாட்டை என்னைவிடச் சுத்தமாக வாசித்தாள். இன்னொரு நாள் கண்டக்டர் திடீரென்று வேறு பாட்டுக்குத் தாவிவிட்டார், அவசரத்தில் நான் தாளை மாற்ற மறந்துபோனேன். பூனை அந்தப் பழைய தாளையே பயபக்தியோடு பார்த்துக்கொண்டு புதுப் பாட்டை வாசித்துக்கொண்டிருந்தாள்!

"மனப்பாடம் பண்ணிட்டு வந்து சீன் போடுறா" என்று என் அறைத்தோழி செல்லோக்காரியிடம் பொருமினேன். செல்லோ என்றால் தரையில் நிறுத்தி வாசிக்கிற பெரிய வயலின் மாதிரி.

"உனக்கு எங்கடி எரியுது? நல்லா வாசிக்கிறா, விடேன்."

"அப்புறம் முதல் நாள் எதுக்குத் தெரியாத மாதிரி நடிக்கணும்?"

"போடி, துணி காயப்போட்டாகூட நீ கொடியைச் சந்தேகப்படுவே."

அவளுக்கென்ன, சொல்லிவிட்டாள். அவளுக்கு சோலோ பிரச்சினை இல்லை. கடைசி நாள் கச்சேரியில் கண்டக்டரே எழுதிய ஒரு புதுப் பாட்டு இருந்தது. இதுவரை எங்கேயும் யாரும் வாசித்ததில்லை. நடுவில் எல்லா வாத்தியமும் அடங்கிவிடும், ஒரே ஒரு வயலின் மட்டும் தனியாகப் பேசும், அதுதான் சோலோ. முதல் ஸ்டாண்டில் இருக்கும் எங்கள் இருவரில் ஒருவருக்குத்தான் அது. எனக்கு அது வேண்டும். ஆசை இல்லை, வெறி. நான் வாசித்த ஒவ்வொரு கச்சேரி முடிந்ததும் அப்பா என்னிடம், "இதுல நீ வாசிச்சது எதும்மா?" என்று கேட்பார். கூட்டத்தில் என் சத்தம் எது என்று எனக்கே தெரியாது, அவரிடம் என்ன சொல்வது? இந்த முறையாவது "அதோ அதுதான்ப்பா" என்று சொல்ல வேண்டும்.

சோலோ தாளை எங்கள் கையில் கொடுத்த அன்று மாலையே என் சந்தேகம் ஊர்ஜிதமாகிவிட்டது. பயிற்சி அறைகள் வரிசையாக இருக்கும், நடுவில் பலகைத் தடுப்புதான். அடுத்த அறை பூனைக்கு. நான் வாசிக்கத் தொடங்கினேன், அடுத்த அறை நின்றது. நான் நிறுத்தினேன், அடுத்த அறை தொடங்கியது. நான் வாசித்த அதே வரி, நான் மூச்சு விட்ட அதே இடம், நான் அழுத்திய அதே அழுத்தம். எனக்கு உள்ளங்காலிலிருந்து உச்சந்தலை வரை பற்றிக்கொண்டு வந்தது. திருட்டுப் பூனை! நான் உழைத்துக் காய்ச்சி வைப்பேனாம், இவள் வந்து நக்கிவிட்டுப் போவாளாம்.

அம்மாவுக்கு போன் போட்டேன்.

"பக்கத்து வீட்டுக்காரி ஞாபகம் இருக்கா?" என்றாள் அம்மா. "நான் என்ன பெயிண்ட் அடிச்சாலும் அதையே அடிப்பாளே. நான் என்ன பண்ணேன்? கேட்டுக்கு ஒரு கேவலமான ஊதாவை அடிச்சேன். மறுவாரம் அவ கேட்டும் ஊதா! குட்டு உடைஞ்சுதா இல்லையா?"

"நம்ம கேட் இன்னும் ஊதாவாத்தானேம்மா இருக்கு?"

"இருந்தா என்ன? தெரிஞ்சுதில்ல!"

அம்மா என்றால் அம்மாதான். மறுநாள் மாலை என் அறைக்குள் போய் ஊதா பெயிண்டை எடுத்தேன். சோலோவின் கடைசி வரியில் எஃப் என்று ஒரு சுரம் வரும். வேண்டுமென்றே அதை அரைச் சுரம் ஏற்றி எஃப் ஷார்ப்பாக வாசித்தேன். சும்மா இல்லை, ஒரு இழைவும் சேர்த்து, கேட்கிறவர்கள் மயங்குகிற மாதிரி. அடுத்த அறை மூச்சுக்கூட விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது. நான் நிறுத்தியதும் வந்தது பாருங்கள் அதே எஃப் ஷார்ப், அதே இழைவு! அன்று சாப்பாட்டில் இரண்டாம் தடவையும் வாங்கிச் சாப்பிட்டேன்.

மறுநாள் ஒத்திகையில் கண்டக்டர், "ரெண்டு பேரும் வாசிச்சுக் காட்டுங்க, முடிவு பண்ணிடலாம். முதல்ல நீ" என்று பூனையைக் காட்டினார்.

பூனை எழுந்து வாசித்தாள். நன்றாகத்தான் வாசித்தாள், சும்மா சொல்லக் கூடாது. கடைசி வரி வந்தது. எஃப் ஷார்ப். பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். கண்டக்டரின் குச்சி நின்றது.

"அந்த வரியை மறுபடி வாசி."

மறுபடியும் அதே.

"தாள்ல என்னம்மா போட்டிருக்கு?"

பூனை தாளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.

கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன் என்று நான் துள்ளியிருக்க வேண்டும். ஆனால் அது திருடியின் பார்வை இல்லை. பக்கம் புரட்டுவதற்கு முன்னால் தினமும் என்னைப் பார்ப்பாளே, அதே பார்வை. இப்போ என்ன பண்ணட்டும் என்று கேட்கிற பார்வை. எனக்கு எல்லாம் ஒரே நொடியில் விளங்கிவிட்டது. காற்றில் ஓடிய வில், மாற்றாத தாள், அடுத்த அறையின் மௌனம். இவளுக்கு நோட்ஸ் படிக்கத் தெரியாது. ஒரு சுரம்கூடத் தெரியாது. எல்லாம் காது.

"கேக்கறேன்ல? அந்த நோட்டுக்குப் பேர் என்ன? சொல்லு." கண்டக்டர் குரல் ஏறியது.

பூனையின் கண் இன்னும் என் மேலேயே இருந்தது. பஸ் ஸ்டாண்டு பக்கத்தில்தான் இருக்கிறது. அங்கே இவளை அனுப்பப்போவது கண்டக்டர் இல்லை, நான்.

"சார், அது நான்தான் சார்" என்று எழுந்துவிட்டேன். "அந்த இடத்துல ஷார்ப் வெச்சா நல்லாருக்கும்னு நான்தான் தாள்ல போட்டுக் குடுத்தேன். பாவம், அவ அதைப் பார்த்து வாசிச்சுட்டா."

"தாளைக் கொண்டா."

ஸ்டாண்டில் எப்போதும் ஒரு பென்சில் கிடக்கும். தாளை எடுக்கிற சாக்கில் அவருக்கு முதுகைக் காட்டிக் குனிந்து ஒரு ஷார்ப் குறியைக் கிறுக்கினேன். அவர் வாங்கிப் பார்த்தார், கட்டைவிரலால் அதைத் தேய்த்தார். விரலில் கரி ஒட்டியது. விரலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பூனையையும் ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"நான் எழுதினதைத் திருத்துற அளவுக்கு நீ பெரிய ஆளு. உனக்கு இந்த சோலோ போதாது, உட்காரு." பிறகு பூனையிடம் திரும்பினார். "நீ வாசி. ஆனா நாளைக்குக் காலையில அந்த வரி நான் எழுதின மாதிரி வரணும். வரலேன்னா உங்க ரெண்டு பேரையும் விசாரிக்க வேண்டியிருக்கும்."

போயிற்று. அப்பாவிடம் "அதோ அதுதான்ப்பா" என்று சொல்ல இருந்த ஒன்றும் போயிற்று. நாலு பேர் பார்க்க அழக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு மீதி ஒத்திகையை வாசித்தேன். பூனை சரியாகப் பக்கம் புரட்டினாள்.

மாலையில் தண்ணீர் பிடிக்கிற இடத்தில் அவளே வந்தாள்.

"தேங்க்ஸ். உனக்குத் தெரிஞ்சுபோச்சு, இல்ல?"

"எப்படி உள்ள வந்தே?"

"வீடியோ அனுப்பச் சொன்னாங்க. வாசிக்கத்தான் சொன்னாங்க, படிக்கத் தெரியுமான்னு கேக்கல. எங்கண்ணன் வாசிப்பான், நான் கேட்டுத் திருப்பி வாசிப்பேன், அப்படியே பழகிடுச்சு. மத்த பாட்டெல்லாம் போன்ல கேட்டுக்கிட்டேன். இது மட்டும் எங்கயும் இல்ல. அதான் உன் பக்கத்து அறையை வார்டன் அக்காகிட்ட கேட்டு வாங்கினேன். மத்தவங்க பாதியை முழுங்கிடறாங்க. உன் வாசிப்புதான் தெளிவா இருக்கு." பாட்டிலை மூடிக்கொண்டே மெதுவாகச் சொன்னாள். "நேத்து நீயே அந்த இடத்தைத் தப்பாத்தானே வாசிச்சே? எனக்கு அடுத்து நீ வாசிக்கும்போது உனக்கும் திட்டு விழுமேன்னு பயந்துட்டேன்."

அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். எனக்காகப் பயந்தாளாம்! பொய் சொல்ல வாய் வரவில்லை.

"தப்பா வாசிக்கல. வேணும்னே வாசிச்சேன். நீ என் வாசிப்பைத் திருடறேன்னு நினைச்சு, உன்னை மாட்டிவிட."

அவள் முகம் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது.

"என்கிட்ட கேட்டிருக்கலாமே."

"கேட்டிருந்தா சொல்லியிருப்பியா?"

"உன்கிட்ட சொல்லியிருப்பேன்."

என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. அவள் கையைப் பிடித்து என் பயிற்சி அறைக்கு இழுத்துக்கொண்டு போனேன். "உட்காரு. இப்ப சரியா வாசிக்கிறேன், நல்லா கேட்டுக்கோ" என்று சொல்லிவிட்டு வாசித்தேன். எஃப் என்றால் எஃப், ஒரு பிசிறு இல்லை. பூனை வயலினை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"இன்னொரு தடவை."

வாசித்தேன்.

"இதுதான் சரின்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"ஐயோ, சத்தியமா இதுதான்டி!"

"நேத்தும் இவ்வளவு அழகாத்தானே வாசிச்சே."

பென்சில் படாத என் தாளை அவள் முன்னால் நீட்டினேன். "இங்க பாரு, இந்தக் கோட்டுல உட்கார்ந்திருக்கே, இதுக்குப் பேர் எஃப். முன்னாடி ஒண்ணும் போடல, பாரு." அவள் பார்த்தாள். அவளுக்கு அது கோடும் புள்ளியும்தான்.

"அதையும் நீ சொல்லித்தானே நான் நம்பணும்?" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அந்தத் தாளையும் வயலினையும் எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். முதல் தடவையாக அவள் நடக்கிற சத்தம் கேட்டது.

நான் வாசலில் வந்து நின்றேன். வராந்தாவின் கோடியில் செல்லோக்காரியின் பயிற்சி அறைக் கதவை அவள் தட்டினாள். "உன்கிட்ட ஒண்ணு சொல்லணும், யார்கிட்டயும் சொல்லாதே" என்று அவள் தொடங்கியது காலி வராந்தாவில் எனக்கும் கேட்டது. இத்தனை நாள் பொத்திப் பொத்தி வைத்த ரகசியத்தை, என்னால், இன்னொருத்தியிடம் போய் அவிழ்க்கிறாள். கதவு மூடிக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் செல்லோவில், கீழ் ஸ்தாயியில், அந்தக் கடைசி வரி வந்தது. சற்று முன் நான் வாசித்துக் காட்டியதுதான். ஒரு இம்மிகூட மாறவில்லை.

பிறகு பூனை தன் அறைக்குத் திரும்பி வந்து கதவைச் சாத்திக்கொண்டாள். வாசிக்கத் தொடங்கினாள். கடைசி வரியில் எஃப் சுத்தமாக விழுந்தது. நானும் வில்லை எடுத்தேன். நான் சொன்னதும் இதுதான் என்று அவளுக்குத் தெரியட்டும் என்று, பலகைத் தடுப்பின் பக்கம் திரும்பி நின்று அதே வரியை வாசித்தேன்.

அடுத்த அறை நிற்கவில்லை.