காவலருக்குக் கிடைத்த முதலாமிடம்

1987 மார்ச் 3, செவ்வாய். இன்றைய தவறு: 0417 என்று தட்ட வேண்டிய இடத்தில் 0471 என்று தட்டிவிட்டேன். காரணம்: கவனக்குறைவு. திருத்திய நேரம்: பிற்பகல் இரண்டு பத்து. சேதம்: இல்லை.

கடைசிச் சொல்லைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கிறிஸ்துராஜா அதை வெட்டி ‘தெரியாது’ என்று எழுதினான்.

தவறுகளைக் குறித்து வைக்கும் பழக்கத்தை அவனுக்குத் தொற்றவைத்தது ஈஸ்ட் ஹாமில் மாலையில் நடக்கும் புள்ளிவிபரவியல் வகுப்பு. நாளுக்கொரு தவறாவது எழுதுங்கள் என்று விரிவுரையாளர் முதல் நாளே சொல்லியிருந்தார். மற்றவர்கள் இரண்டு கிழமையில் கைவிட்டார்கள். இவன் மூன்றாவது கொப்பியில் நின்றான். இருபத்துமூன்று வயதுக்குள் ஒருவனுக்கு இத்தனை தவறு தேறுமா என்ற கவலையும் அவனுக்கு இருந்தது.

பகலில் ஹோல்போனில் வேலை. தொலைக்காட்சி பார்ப்பவர்களின் ரசனையை அளக்கும் கம்பனி. எத்தனை பேர் பார்த்தார்கள் என்று எண்ணுவது வேறொருவர் பாடு. பார்த்தது பிடித்ததா என்று கேட்பதுதான் இவர்கள் பாடு. நாடெங்கும் மூவாயிரம் பேருக்குக் கிழமைதோறும் ஒரு சிறு புத்தகம் தபாலில் போகும். பார்த்த நிகழ்ச்சிக்கு எதிரே ஒன்று முதல் ஆறு வரை ஓர் இலக்கத்தை வட்டமிட வேண்டும். ஆறு என்றால் பிரமாதம், ஒன்று என்றால் படுமோசம். கீழே இரண்டு வரி வெற்றிடம், ஏதாவது சொல்ல இருந்தால் சொல்லலாம். புத்தகத்தில் பெயர் இராது, நான்கு இலக்கம் மட்டுமே. திரும்பி வருபவற்றைக் கணினியில் தட்டுவது கிறிஸ்துராஜாவின் வேலை. எல்லாவற்றையும் கூட்டிப் பிரித்தால் நூற்றுக்கு இத்தனை என்று ஒரு புள்ளி வரும். நிகழ்ச்சி நடத்துகிறவர்களுக்கு அந்தப் புள்ளியில் உயிர்.

0471 அலுவலகத்தில் எல்லோரும் அறிந்த இலக்கம். ‘ஃபார் பீக்கன்’ என்று இருபத்திரண்டு வருடமாகச் சனி மாலைகளில் ஓடிய விஞ்ஞானப் புனைகதைத் தொடர் ஒன்று. விண்வெளியின் ஓரத்தில் ஒரு வெளிச்சவீடு, அதற்கொரு காவலர், வழி தவறி வரும் கப்பல்கள், காகித அட்டையில் செய்த பூதங்கள். பிள்ளைகளாக இருந்தபோது பார்த்தவர்கள் வளர்ந்து அதைக் கேலி செய்யும் காலம் வந்திருந்தது. 0471 ஒரு கிழமைகூடத் தவறாமல் அதைப் பார்த்து, ஒரு கிழமைகூடத் தவறாமல் ஒன்றை வட்டமிட்டது. வட்டமிட்டுவிட்டு, கீழே முத்து முத்தான எழுத்தில் புகழ்ந்து எழுதியது. ‘காவலரின் பொறுமை எல்லோரும் பின்பற்றத்தக்கது.’ ‘பூதத்திடமும் மரியாதையாகப் பேசினார்.’ இவ்வளவு நஞ்சை இவ்வளவு பணிவாகக் கக்க ஓர் ஆங்கிலேயரால்தான் முடியும் என்று மேற்பார்வையாளர் மிஸ்டர் கார்வுட் தேநீர் வேளையில் வாசித்துக் காட்டுவார். 0471க்குத் ‘தூக்குமேடை நீதவான்’ என்று பட்டமும் வைத்திருந்தார்.

கிறிஸ்துராஜா முதல் தடவை மற்றவர்கள் சிரித்ததால் சிரித்தான். இரண்டாம் தடவை எந்த இடத்தில் சிரிக்க வேண்டும் என்று தெரிந்து சிரித்தான். பெப்ரவரியில் ஒருநாள் அவனே ஒன்றைக் கண்டெடுத்துக்கொண்டு ஓடினான். ‘இந்த வாரமும் காவலர் தேநீர்கூட அருந்தாமல் தன் கடமையைச் செய்தார்.’ கார்வுட் கண்ணில் நீர் வரச் சிரித்து, அவன் தோளில் தட்டி, வேலைக்கு வந்த மூன்று மாதத்தில் முதல் தடவையாக அவன் பெயரைச் சொன்னார். அந்த வசனம் தொலைக்காட்சி நிலையத்துக்குப் போன அறிக்கையின் முதல் பக்கத்தில் ஏறியது. கீழே புள்ளி: ஐம்பத்தெட்டு. அறுபதுக்குக் கீழே போனால் தொடர் நிற்கும் என்று முன்பே பேச்சிருந்தது. போன வெள்ளிக்கிழமை தொடர் நின்றது. ஞாயிறு ஒரு பத்திரிகை பதினோராம் பக்கத்தில், ‘இந்த ஆண்டின் மிகச் சிறந்த திட்டு’ என்ற தலைப்பில் அந்த வசனத்தைப் போட்டது.

செவ்வாய் அவன் இலக்கம் மாறித் தட்டியபோது, அலுவலக விதிப்படி இரண்டு வீட்டுப் பதிவட்டைகளையும் எடுத்துச் சரிபார்க்க வேண்டியிருந்தது. 0471இன் அட்டையை அன்றுதான் அவன் முதன்முதலாகப் பார்த்தான். திருமதி தவநாயகி, வயது அறுபத்தொன்று, ஹவுன்ஸ்லோ.

அட்டையை வைத்த கையால் பழைய புத்தகங்களையும் எடுத்தான். செய்திக்கு ஒன்று. தோட்டக்கலைக்கு ஒன்று. குத்துச்சண்டைக்கு ஆறு. அரைகுறை உடுப்போடு பெண்கள் ஆடும் நிகழ்ச்சிக்கு ஆறு, பக்கத்தில் ‘வெட்கக்கேடு’. கிறிஸ்துராஜாவுக்கு ஊர் ஞாபகம் வந்தது. பள்ளிக்கூடத் தேர்ச்சி அறிக்கையில் அவனுடைய அப்பா வேறெதையும் பார்க்கமாட்டார். வகுப்பில் எத்தனையாம் பிள்ளை என்ற இலக்கத்தைத்தான் தேடுவார். ஒன்றாம் பிள்ளை என்றால் அன்றைக்கு வீட்டில் கொண்டாட்டம். அந்த அம்மா புள்ளி போடவில்லை. காவலரை ஒவ்வொரு கிழமையும் வகுப்பில் முதலாமிடத்தில் ஏற்றி வைத்திருக்கிறார். நஞ்சென்று எல்லோரும் சுவைத்தது மனமாரச் சொன்ன பாராட்டு.

தன்மேல் நம்பிக்கை இல்லாதவன் ஆகையால் மூன்று முறை கணக்குப் பார்த்தான். அறிக்கைக்கு உரியது பதின்மூன்று கிழமை, கிழமைக்கு ஏறக்குறைய நானூறு பேர். 0471இன் ஒன்றுகளையெல்லாம் ஆறாக்கினால் ஐம்பத்தெட்டு தசம் ஒன்று, ஐம்பத்தெட்டு தசம் மூன்று ஆனது. அறிக்கையில் தசம் போடுவதில்லை.

அவன் கண்டுபிடித்ததைச் சொல்ல, கார்வுட் கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினார். தவறு அந்தப் பெண்மணியுடையது, நம்முடையது அல்ல என்றார். ஆனால் பத்திரிகைவரை போன வசனம் மனமார எழுதியது என்று வெளியே தெரிந்தால் கம்பனி நாறிவிடும். அந்தப் பெண்மணி தாமாக விரும்பி விலகுகிறார் என்று ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்கி வரும்படி சொன்னார். அவர்களுடைய பாஷை உனக்குத் தெரியுமே என்றார். வெள்ளிக்கிழமையோடு கிறிஸ்துராஜாவின் தகுதிகாண் காலம் முடிவதையும் போகிற போக்கில் நினைவூட்டினார்.

புதன் பகல் அவன் ஹவுன்ஸ்லோவில் அந்த வீட்டுக் கதவைத் தட்டினான். திறந்தவள் மருமகள் பாலாம்பிகை. விமான நிலையத்துப் பத்திரிகைக் கடையில் விடியக்காலை ஷிப்ட் முடித்து வந்த சீருடையோடு நின்றாள். கம்பனியின் பெயரைக் கேட்டதும் உள்ளே பார்த்து, “மாமி, உங்கட பரீட்சைத் திணைக்களத்தில இருந்து ஆள் வந்திருக்கு” என்றாள்.

தவநாயகி அம்மா சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு வந்தார். தமிழ்ப் பெடியன் என்றதும் முகம் மலர்ந்து, இருத்தி, ஊர் கேட்டு, தேநீர் போடச் சொன்னார். யாழ்ப்பாணத்தில் ஒரு பெண்கள் பாடசாலை அலுவலகத்தில் இருபத்தெட்டு வருடம் எழுதுவினைஞராக இருந்தவராம். மகன் யோகலிங்கம் வேலைக்குப் போய்விடுவான். இந்த வீட்டுக்கு வரும் கடிதங்களில் தன் பெயருக்கு வருவது இந்தப் புத்தகம் ஒன்றுதான் என்றார். காவலருடைய ஆங்கிலம் ஒன்றுதான் இந்த நாட்டில் தனக்கு முழுதாக விளங்குவது. அவர் நிறுத்தி நிறுத்திப் பேசுவார் என்றார். தொடரை நிறுத்திய செய்தி கேட்டு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லையாம். தபாலில் தொலைந்தால் என்ன செய்வது என்று போட்ட இலக்கங்களை எல்லாம் பிரதி எடுத்த கொப்பியையும் கொண்டுவந்து அவன் மடியில் வைத்தார். வரிக்கு வரி அடிக்கோடு கீறிய கொப்பி. அவனுடைய பைக்குள் படிவம் கிடந்தது. அதில் கையெழுத்து விழுந்தால் புத்தகம் இனி வராது.

“தம்பி, ரெண்டு வரிசமா அவருக்கு முதலாமிடம்தான் குடுத்தனான். ஒருக்காலும் இறக்கேல்லை. பிறகேன் நிப்பாட்டினவை?”

தேநீரோடு வந்த பாலாம்பிகை அவன் முகத்தையும் கொப்பியையும் பார்த்தாள். புத்தகம் முதலில் வந்தது அவள் பெயருக்குத்தான். மூன்று கிழமையில் அலுத்து, மாமியின் பெயருக்கு மாற்றித் தள்ளிவிட்டிருந்தாள். எந்த இலக்கம் எதைக் குறிக்கும் என்ற விளக்க அட்டை அவளோடு நின்றுபோயிற்று. இப்போது அது அவளுக்கு நினைவு வந்தது. கோப்பையை மெல்ல வைத்தாள்.

“ஐயோ மாமி. ஆறெல்லோ நல்லது. ஒண்டு எண்டால் பெயில். ரெண்டு வரிசமா அந்த மனிசனைக் கிழமைக்குக் கிழமை பெயிலாக்கிக்கொண்டு இருந்திருக்கிறியள்.”

தவநாயகி அம்மா அவனைப் பார்த்தார். அவன் தலையாட்டினான்.

“நீங்கள் எனக்குச் சொல்லேல்லையே பிள்ளை.”

“நீங்கள் கேக்கேல்லையே. உங்களுக்குத்தானே எல்லாம் தெரியும். என்ர குழம்புக்கும் ஒவ்வொரு நாளும் இலக்கம் போடுறனீங்கள். எனக்கு இந்த வீட்டில இன்னும் மூண்டாமிடம் தாண்டேல்லை” என்றாள் பாலாம்பிகை. அவள் சிரிக்கவில்லை. “அப்ப பாருங்கோ, அவருக்குக் கொள்ளி வைச்சது நீங்கள்தான்.”

தவநாயகி அம்மாவின் விரல் கொப்பியின் ஒன்றுகளை மேலிருந்து கீழே ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டு போனது. அடிக்கு வந்ததும் கேட்டார், “என்னாலயோ தம்பி நிப்பாட்டினவை?”

ஆறுதல் சொல்ல இதைவிட நல்ல இடம் வராது என்று கிறிஸ்துராஜா நினைத்தான். கணக்கு அவன் கையில் இருந்தது, மூன்று முறை பார்த்த கணக்கு.

“இல்லை அன்ரி. உங்கட ஒண்டை எல்லாம் ஆறாக்கிப் பாத்தனான். அப்பவும் அம்பத்தெட்டுத்தான். நீங்கள் போடாமலே விட்டிருந்தாலும் அம்பத்தெட்டுத்தான். உங்களால ஒண்டும் நடக்கேல்லை.”

அவர் முகத்திலிருந்து ஏதோ ஒன்று இறங்கிப் போனது. பழி சுமந்தபோது நிமிர்ந்திருந்த முதுகு இப்போது வளைந்தது. கொப்பியை மூடினார்.

“அப்ப ஏன் தம்பி எனக்கு அதை அனுப்பினனீங்கள்?”

அதற்கு வகுப்பில் பதில் படித்திருந்தான். பெரிய மாதிரியில் ஒருவரின் எடை பற்றி இரண்டு பக்கம் எழுதலாம். அதை விட்டுவிட்டு, படிவத்தை எடுத்து மேசையில் வைத்து, விலகுவதாக ஒரு கையெழுத்துத்தான் என்றான். அவர் அதைத் தொடவில்லை. தனக்கு இப்போது முறை விளங்கிவிட்டது, இனிச் சரியாகப் போடுவேன், வேண்டுமானால் விளக்க அட்டை ஒன்று அனுப்பினால் போதும் என்று கெஞ்சினார். காவலர் போனாலும் செய்தி இருக்கிறது, தோட்டம் இருக்கிறது. ஏலாது அன்ரி, மேலிடத்து உத்தரவு என்றான். அவர் அப்போதும் பேனாவை எடுக்கவில்லை. அவனுக்கு வெள்ளிக்கிழமை நினைவு வந்தது.

“நீங்கள் எழுதின வசனங்களை எல்லாரும் வாசிச்சவை அன்ரி” என்றான். “கந்தோரில சத்தமா வாசிச்சவை. ஒண்டு பேப்பரிலயும் வந்தது. தேத்தண்ணி குடிக்காமல் கடமை செய்தார் எண்டு எழுதினது.”

சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனாலும் சொல்லி முடித்ததும் அவனுக்கு அந்த அறையில் இருக்கப் பிடிக்கவில்லை.

“பேப்பரிலயோ?” தவநாயகி அம்மா நிமிர்ந்தார். “இங்கிலீஸ் பேப்பரிலயோ? மாத்தாமல் அப்பிடியே போட்டவையோ?”

“ஓம். ஒரு எழுத்தும் மாத்தேல்லை.”

“அப்ப காவலராக நடிச்சவரும் வாசிச்சிருப்பார்.”

“வாசிச்சிருப்பார் அன்ரி.”

அவர் பேனாவை எடுத்தார். முழுப் பெயரையும் முத்து முத்தாக எழுதி, கீழே தேதி போட்டு, அந்தப் பத்திரிகைத் துண்டை மட்டும் அனுப்பிவிடு தம்பி, கொப்பியின் கடைசிப் பக்கத்தில் ஒட்டி வைக்கிறேன் என்றார். அனுப்புவதாக வாக்குக் கொடுத்தான்.

வாசல்வரை வந்த பாலாம்பிகை கதவைப் பாதி சாத்திக்கொண்டு, தாழ்ந்த குரலில் பேசினாள்.

“பதினோராம் பக்கம். ஞாயிற்றுக்கிழமையே கடையில வாசிச்சனான். எழுதிப்போட்டு எனக்கும் வாசிச்சுக் காட்டுறவ, பிறகு அவவின்ர வசனம் எனக்குத் தெரியாதே? தலைப்பும் தெரியும்.”

“அவவுக்குச் சொல்லாதேங்கோ அக்கா.”

“நான் ஏன் சொல்லுறன்? சனிக்கிழமை அவையின்ர சொந்தக்காரர் எல்லாம் சாப்பிட வருகினம். பேப்பரில வந்தது எண்டு மாமியே எடுத்துக் காட்டுவா. இங்கிலீஸ் தெரிஞ்ச ஆக்கள் வாசிக்கட்டும். நீங்கள் கெதியா அனுப்புங்கோ, சனிக்கு முதல் வரவேணும்.”

ஒரு விமானம் கூரைகளை உரசுவதுபோல் இறங்கிக்கொண்டிருந்தது. அது போய் முடியும்வரை அவன் பையைத் தோளில் சரிசெய்துகொண்டு நின்றான். அவள் கதவைச் சாத்தினாள்.

நாலரை மணிக்கு மிஸ்டர் கார்வுட் படிவத்தை வாங்கிக் கையெழுத்தைப் பார்த்து, அழகான எழுத்து என்றார். வெள்ளிக்கிழமையைப் பற்றி நீ கவலைப்படத் தேவையில்லை என்றார். அவன் நன்றி சொன்னான்; குரலில் நன்றி இருந்ததையும் கவனித்தான்.

ஆறு மணிக்கு ஈஸ்ட் ஹாமில், விரிவுரையாளர் வருமுன், வகுப்பின் பின்வரிசையில் இருந்து தவறுக் கொப்பியைத் திறந்தான். தேதி போட்டான். துண்டை அனுப்பாவிட்டால் வாக்குத் தவறும். தவநாயகி அம்மாவும் மருமகளைத்தான் கேட்பார், அவள் முழுப் பக்கத்தையும் கொண்டுவருவாள். அனுப்பினால் அது சனிக்கிழமைக்குப் போய்ச் சேரும். தலைப்பை வெட்டி எறிந்தாலும் அதை வாயால் சொல்ல ஒருத்தி அந்த வீட்டில் இருக்கிறாள். மூன்று வழியாகவும் பார்த்தான். பிறகு எழுதினான்:

நாளை வியாழன். காலை: 0471இன் அட்டையைப் பதிவிலிருந்து எடுப்பது, அதே தெருவில் மாற்று வீடு ஒன்றைத் தெரிவுசெய்வது. மதியம்: பதினோராம் பக்கத்தில் தலைப்பை விட்டு வசனத்தை மட்டும் வெட்டி, முதலாம் வகுப்புத் தபாலில் ஹவுன்ஸ்லோவுக்கு அனுப்புவது.