அந்த வீட்டு மாதவி

தேவசேனாவின் கல்யாணம் வைகாசியில் நாராயணவனத்தில் நடந்தது. மாப்பிள்ளை தரணிக்கு அது இரண்டாம் கல்யாணம். தரகர் சண்முகம் அதை மறைக்கவில்லை. "மொத பொண்ணு பேரு சந்தியா, திருப்பதிக்காரப் பொண்ணு. ஒத்துவரல, கோர்ட்டுல தீத்துக்கினாங்க. புள்ளகுட்டி இல்ல," என்று நகரிக்கு வந்து அவள் நைனாவிடம் எல்லாவற்றையும் சொன்னார். தேவசேனாவும் முப்பதை நெருங்கிக்கொண்டிருந்தாள். திருப்பதியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்ட். உடைந்த எலும்பு சேர்ந்து மனிதர்கள் எழுந்து நடப்பதைத் தினமும் பார்க்கிறவள். முறிந்த கல்யாணத்தை அவள் பெரிய குறையாக நினைக்கவில்லை.

தரணியின் வீடு சித்தூரில், அவர்களுடைய ஜூஸ் ஃபேக்டரியை ஒட்டியே இருந்தது. மாம்பழக் கூழை டின்னில் அடைத்து வெளியூருக்கு அனுப்புகிற வியாபாரம். டின்மேல் 'மாதவி' என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருக்கும். அவள் அந்த வீட்டுக்குப் போன நேரம் சீசன். தோத்தாபுரி மாம்பழம் ஏற்றிய லாரிகளும் டிராக்டர்களும் தெருமுனைவரை நின்றன. உரித்த தோலும் கொட்டையும் பின்பக்கம் குவிந்து கிடந்தன. காலையில் வாசனையாக இருப்பது மத்தியானத்துக்குள் புளித்து, சாயங்காலம் நாற்றமாகிவிடும். ஜன்னலை மூடினாலும் ஈ வந்தது. இரண்டு மணி நேரம் பஸ்ஸில் போய் ஆஸ்பத்திரியில் இறங்கின பிறகும் தன் புடவை நாறுகிறதோ என்று தேவசேனா முந்தானையை மோந்து பார்ப்பாள்.

பேர் விஷயத்தை முதலில் எடுத்தது மாமியார் ருக்மணி.

"உன் பேரு நம்ம வூட்டு எண்ணுக்கு ஒத்துவரலன்னு ஜோசியரு சொல்றாரும்மா. மாதவின்னு வெச்சிக்கோ. கம்பெனி பேரும் அதான், மருமக பேரும் அதான்னா லட்சுமி தங்குவா."

வீட்டில் எப்படியோ கூப்பிட்டுவிட்டுப் போகட்டும் என்று தேவசேனா விட்டுவிட்டாள். தரணி அதற்கு முன்பே, கல்யாணமான புதிதிலேயே, தனியாக இருக்கும்போது அவளை 'மாது' என்று அழைக்க ஆரம்பித்திருந்தான். காதோரம் அவன் அப்படிச் சொல்வது அவளுக்குப் பிடித்துக்கூட இருந்தது. பெண்ணே என்கிற மாதிரி ஒரு செல்லம் என்று நினைத்துக்கொண்டாள்.

ஆனி மாதம் பேச்சு காகிதத்துக்கு வந்தது.

"உன்ன கம்பெனியில பார்ட்னரா சேக்கணும்," என்றான் தரணி. "ஆதார், பேன் எல்லாத்துலயும் ஒரே பேரு இருக்கணும். இண்டிபேரு, அதான் குடும்பப் பேரு, எப்படியும் எங்க வூட்டுதுக்கு மாத்தப்போற. அதோட சேத்து இதையும் முடிச்சிடலாம்."

"என் சர்டிபிகேட் எல்லாம் தேவசேனான்னு இருக்குதுங்க."

"கெஜட்டுல வந்துட்டா எல்லாம் செல்லும். எத்தினி பேரு செய்யறாங்க, நீ என்னமோ புதுசா பயப்படற."

அவள் அரைமனதோடு கிளம்பினாள்.

வக்கீல் சிவசங்கரனின் ஆபீஸ் கோர்ட்டுக்கு எதிர்ச்சந்தில் இருந்தது. தரணியைப் பார்த்ததும் வாயெல்லாம் சிரிப்பாக உட்காரச் சொன்னார். டீ வரவழைத்தார். டைப் அடிக்கிற பையனைப் பார்த்துத் தெலுங்கில் ஏதோ சொல்லிவிட்டு இவர்கள் பக்கம் திரும்பினார்.

"அஞ்சு நிமிஷ வேல. போன தடவ போட்டது அப்படியே கம்ப்யூட்டர்ல இருக்குது. பழைய பேர எடுத்துட்டு இவங்க பேரப் போட்டா ஆச்சு. புதுப் பேரு அதேதான?"

தரணி டீ கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"போன தடவைன்னா?" என்று கேட்டாள் தேவசேனா.

"அதாம்மா, சந்தியாவுக்குப் போட்டது. அதுவும் இவரு சம்சாரம் மாதவின்னுதான்..." வக்கீலின் பேச்சு பாதியில் நின்றது. தரணியின் முகத்தைப் பார்த்துவிட்டார். "தெரியும்னு நெனச்சேன்."

பையன் தாளை எடுத்து வந்து மேஜைமேல் வைத்தான். அச்சு இன்னும் சூடாக இருந்தது. அவள் பேர், நைனா பேர், நகரி விலாசம், கீழே கையெழுத்துக்கான இடம். அவளுக்கு வேறொருத்தி குளித்து எழுந்த அழுக்குத் தண்ணீரில் தன்னை இறங்கச் சொல்வதுபோல் இருந்தது. அவள் பேனாவைத் தொடாமல் எழுந்து வெளியே வந்தாள்.

தரணி பின்னாலேயே வந்து காரைக் கிளப்பினான். பிறகு சலிப்போடு சொன்னான். "பேருல என்ன இருக்குது? அவ போனதுலேர்ந்து ரெண்டு சீசன் நஷ்டம். ஜோசியரு மாதவி இல்லாம வூடு நிக்காதுங்கறாரு. அம்மா நம்பறாங்க. நீ நீயாத்தான இருக்கப் போற."

"என்ன மாதுன்னு கூப்புடறீங்களே, அது யார?"

அவன் கியரை மாற்றினான். "பழக்கம்," என்றான். "வாயில அப்படியே வந்துடுது. அதுக்கு நான் இன்னா பண்றது?"

தேவசேனா வண்டியை ஓரம் கட்டச் சொன்னாள். சாலையோரம் குனிந்து, குடித்த டீயையெல்லாம் வாந்தி எடுத்தாள். அவன் கதவைத் திறக்காமல் உள்ளேயே உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் சண்முகத்திடம் நம்பர் வாங்கி சந்தியாவுடன் பேசினாள். வேலை முடிந்ததும் ஆஸ்பத்திரி கேன்டீனுக்கே சந்தியா வந்தாள். ஒல்லியான, சிரித்த முகம். அழப்போகிறவள் என்று நினைத்திருந்த தேவசேனாவுக்கு அந்தச் சிரிப்பு ஆச்சரியமாக இருந்தது.

"உங்களையும் பேரு மாத்தச் சொல்லிட்டாங்களா?" என்றாள் சந்தியா. "நான் கையெழுத்து போட்டுட்டேன்கா. இப்ப ஆதார்ல நான் மாதவி, டிகிரியில சந்தியா. வேலைக்குப் போனா ரெண்டும் ஒரே ஆளுன்னு நிரூபிக்கச் சொல்றாங்க. எங்க நைனா வெச்ச பேரத் திரும்பத் தாங்கன்னு ஆபீஸ் ஆபீஸா அலைஞ்சிகினு கீறேன்." கொஞ்சம் நிறுத்தி, குரலைத் தாழ்த்தினாள். "கடையில அந்த டின்ன பாத்தா ஒடம்பெல்லாம் அரிக்குது. எம்மேல யாரோ லேபிள் ஒட்டின மாதிரி."

தேவசேனா அன்று சித்தூருக்குப் போனது துணிமணி எடுக்கத்தான். வீட்டில் ருக்மணி பக்கத்து வீட்டுப் பெண்களை அழைத்துப் பாயசம் வைத்திருந்தாள். மாம்பழக் கூழ் ஊற்றிய பாயசம். "வா மாதவி," என்றாள் ஒருத்தி. "நல்ல பேரும்மா," என்றாள் இன்னொருத்தி. கிண்ணத்தின் விளிம்பில் ஈ ஊர்ந்தது.

"நான் கையெழுத்துப் போடல அத்த," என்றாள் தேவசேனா.

ருக்மணியின் முகம் மாறவில்லை. "நாளைக்குப் போடுவ. மொதல்ல அவளும் இப்படித்தான் முறுக்கினா. சூட்டோட துன்னு, ஆறிடும்."

சந்தியா இந்த வீட்டில் வாழவே இல்லை, இவர்களைப் பொறுத்தவரை மாதவிதான் வாழ்ந்தாள், மாதவிதான் ஓடிப்போனாள், மாதவிதான் திரும்பி வந்திருக்கிறாள். தேவசேனாவுக்கு அப்போதுதான் அது முழுசாகப் புரிந்தது. இவர்கள் தேடியது மாதவி என்ற பேருக்கு ஓர் ஆளைத்தான். கிண்ணத்தைத் தொடாமல் உள்ளே போய்ப் பெட்டியை எடுத்தாள். தரணி வாசலில் வழிமறித்து, "ஒரு பேருக்காகவா?" என்றான். அவனுடைய கை தோளில் பட்டபோது அவளுக்கு முதுகு சிலிர்த்தது. பயம் இல்லை. குப்பைமேட்டில் தெரியாமல் கால் வைத்தால் வருகிற அருவருப்பு. கையை விலக்கிவிட்டுப் பஸ்ஸ்டாண்டுக்கு நடந்தாள்.

நகரியில் நைனா முதலில் கோபப்பட்டார். அவள் நடந்ததைச் சொன்ன பிறகு, "ஒரு மாட்டு பேர இன்னொரு மாட்டுக்கு வெக்கக்கூட யோசிப்பாங்க," என்றார். தேவசேனா திருப்பதியில் ஒரு லேடீஸ் ஹாஸ்டலில் தங்கினாள். கல்யாணத்தை ரத்து செய்யச் சொல்லிக் கோர்ட்டில் மனு போட்டாள்.

மனு நடந்துகொண்டிருக்கும்போதே, தையில், சண்முகம் போன் செய்தார். மனசு கேட்கவில்லையாம். "அந்த வூட்டுல மறுபடியும் பொண்ணு பாக்கறாங்கம்மா. தீர்ப்பு வந்ததும் கல்யாணமாம். நம்ம நகரிதான். செல்வின்னு பேரு."

செல்வியின் அப்பாவைப் போனில் கூப்பிட்டு தேவசேனா எல்லாவற்றையும் சொன்னாள்.

"பேரு மாத்தறத மொதல்லயே சொல்லிட்டாங்கம்மா," என்றார் கடைசியில். "இன்னா இப்ப? எங்க பொண்ண என்ன பேரு சொல்லிக் கூப்டா எங்களுக்கு இன்னா? நல்ல எடம். நீ கெடுத்துடாத."

போன் கட் ஆனது. தேவசேனா அதைக் கீழே வைத்துவிட்டு, காரணம் புரியாமல் குழாயடிக்குப் போய்க் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள்.

ஞாயிற்றுக்கிழமை நகரிக்கு பஸ் ஏறினாள். செல்வி வீட்டுப் பவர்லூமில் நூல் அறுந்ததைக் கட்டிக்கொண்டிருந்தாள். இருபத்திரண்டு வயது இருக்கும். தறிச் சத்தத்தில் காதருகே வாய் வைத்துத்தான் பேச வேண்டியிருந்தது. தேவசேனா தன் பேரைச் சொன்னாள். சந்தியாவைப் பற்றிச் சொன்னாள். ஒரே தாளில் பேரை மட்டும் எடுத்து எடுத்துப் போடுவதைச் சொன்னாள்.

செல்வியின் முகம் மெல்லச் சுருங்கியது. "எங்க நைனாவுக்கு இது தெரியுமா?"

"தெரியும்."

செல்வி மோட்டாரை நிறுத்தினாள். கையில் ஒட்டிய நூலைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, "நீங்க இங்கயே இருங்கக்கா," என்று சொல்லிவிட்டு, அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்த அறையை நோக்கி விறுவிறுவென்று நடந்தாள்.