அளவெடுத்த ஸ்டிக்

கள்ளக்குறிச்சி கடைவீதியில் ரெடிமேட் துணிக்கடை வைத்திருக்கும் சர்புதீன், துணி எடுத்துத் தைத்துப் போடுகிறவர்களைக் கண்டால் சும்மா விடமாட்டார். "இன்னாத்துக்கு டைலர் பின்னால அலையிறீங்க? போட்டுப் பாருங்க, ஒத்து வரலன்னா மாத்திக்கோங்க" என்று ஆளைக் கடைக்குள் இழுத்துவிடுவார். அதெல்லாம் ஊருக்கு உபதேசம். மேசையில் பந்தைக் குழிக்குள் தள்ளும் பூல் ஆட்டத்துக்குத் தனக்கென்று ஒரு ஸ்டிக் வாங்க நினைத்தபோது மனுஷருக்குத் தூக்கமே போய்விட்டது.

"கம்பெனி ஸ்டிக்கே போதும் பாய்," என்றான் குமார். "மெட்ராஸ் கடையில நாலு எடுத்து அடிச்சிப் பாருங்க. கைக்கு எது ஒக்காருதோ அத எடுத்துக்கினு வாங்க."

குமார் கல்வராயன் மலைக்காரன். சாமையும் மரவள்ளியும் ஏற்றிக்கொண்டு குட்டியானை லோடு வண்டியில் இறங்குவான். சரக்கு இறக்கியதும் நேராக மாடியில் இருக்கும் பூல் கிளப்புக்கு வந்துவிடுவான். அங்கே அவனை மிஞ்ச ஆளில்லை. அதுவும் கிளப்பில் கிடக்கும் பொது ஸ்டிக்கை வைத்துக்கொண்டு.

உளுந்தூர்பேட்டைப் போட்டிக்குக் கிளப் சார்பில் ஒருவர்தான் போகலாம். நியாயப்படி குமார்தான் போகவேண்டும். "பாய் ஆசப்படுறாரு, அவரே போவட்டும்" என்று அவன் விலகிக்கொண்டான். சர்புதீன் ஒப்புக்குக்கூட வேண்டாமென்று சொல்லவில்லை. போவது உறுதியான பிறகு, கடையில் யாருக்கும் கிடைக்கிற ஸ்டிக்கோடு போவதா என்று வேறு தோன்றிவிட்டது. கோயம்புத்தூரில் நாராயணசாமி என்பவர் ஆளுக்கு அளவெடுத்துச் செய்து தருகிறார் என்று கேள்விப்பட்டு ஆர்டர் கொடுத்தார். உயரம், கை நீளம், அடிக்கிற வீடியோ ஒன்று கேட்டிருக்கிறார் என்று கிளப் முழுக்கத் தமுக்கடித்தார்.

இங்கேதான் அவர் புத்தி கெட்டது. தன் ஆட்டத்தைச் செல்போனில் எடுத்துப் பார்த்தால், முழங்கை ஒரு பக்கம் போகிறது, ஸ்டிக் ஒரு பக்கம் போகிறது. பார்க்கச் சகிக்கவில்லை. இதைப் போய் ஒரு தொழில்காரருக்கு அனுப்புவதா? மறுநாள் குமார் ஆடும்போது அவனுக்குத் தெரியாமல், முகம் விழாமல், கையை மட்டும் எடுத்து அனுப்பினார். ஆளைப் பார்த்ததும் சட்டை சைஸ் சொல்கிற கண் அல்லவா, குமாரின் உயரமும் கை நீளமும் துல்லியமாகவே போய்ச் சேர்ந்தன. நல்ல ஆட்டத்துக்கு அளவெடுத்த ஸ்டிக் வந்தால் ஆட்டமும் கூடவே வந்துவிடும் என்று அந்த நாற்பது வயது மனுஷர் நிஜமாகவே நம்பினார்.

ஸ்டிக் வந்தது. பிடியில் அவர் பெயர் பதித்திருந்தது. கிளப்பே சுற்றி நின்றது. கடைக்காரராயிற்றே, போணி பார்க்காமல் எதையும் தொடங்கமாட்டார்.

"உன் கை ராசியான கை. நீ போணி பண்ணு குமாரு."

குமார் குனிந்து அடித்தான். பந்து வழுக்கிக்கொண்டு குழிக்குள் போனது. அடுத்து சர்புதீன். ஸ்டிக்கின் பின்பக்கம் விலாவில் இடித்தது, முன்பாரம் கையைக் கீழே இழுத்தது. அடிக்கிற வெள்ளைப் பந்து வேறு எந்தப் பந்தையும் தொடாமல் தானே போய்க் குழியில் விழுந்தது. அடுத்த அடி அதைவிட மோசம்.

குமாருக்குக் கோபம் வந்துவிட்டது. "பேர மட்டும் அழகா போட்டுட்டு அளவ கோட்ட வுட்டுட்டாரே. நான் கேக்குறேன்."

"வுடு குமாரு, நான் பேசிக்கிறேன்."

அவன் கேட்கவில்லை. பெட்டிமேல் இருந்த நம்பருக்கு அடித்து, ஸ்பீக்கரிலும் போட்டான்.

"அளவு தப்பாதுங்க," என்றது நாராயணசாமியின் குரல். "அந்த வீடியோவத் திரும்பத் திரும்பப் பாத்துத்தான் செஞ்சேன். அருமையான கைங்க. மணிக்கட்டுல நர்மதானு பச்ச குத்தியிருந்துச்சே, அந்தக் கைக்குத்தானுங்களே?"

நர்மதா குமாரின் சம்சாரம். குமார் தன் மணிக்கட்டைப் பார்த்தான். சர்புதீனுக்குப் பூமி பிளந்தால் இறங்கிவிடலாம் போலிருந்தது.

"ஆமாங்க, அது என் கைதான்," என்றான் குமார். "பாய் அவரு வீடியோவத்தான் அனுப்பச் சொன்னாரு. நான்தான் மாத்தி அனுப்பிட்டேன். தப்பு என்னுதுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். "பாய் தலையிலயே மொளகா அரைச்சிட்டியேடா" என்று அவன் முதுகில் தட்டினார்கள். ஒரு வார்த்தை சொல்லவேண்டிய சர்புதீனும் அவர்களோடு சேர்ந்து சிரித்தார்.

குமார் இறங்கிப்போய் வண்டியைக் கிளப்பிய பிறகுதான் சர்புதீன் இடத்தைவிட்டு அசைந்தார். ஓடிப்போய் வண்டிக் கதவைப் பிடித்தார்.

"கேட்டிருந்தா நானே நின்னு எடுத்துக் குடுத்திருப்பனே பாய்," என்றான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. வண்டி கச்சிராயபாளையம் ரோட்டில் திரும்பிப் போய்விட்டது.

செருப்பால் அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பார். இதைத் தாங்க முடியவில்லை. மறுபடி மாடியேறினார். "குமாரு மேல தப்பு இல்ல," என்றார். "திருட்டுத்தனமா எடுத்து அனுப்புனது நான்தான். உளுந்தூர்பேட்டைக்கு அவன் பேரையே குடுத்துடுங்க."

கிளப் நடத்தும் ராமசாமி நிமிராமல் டேபிளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"தெரியும் பாய். நீங்க எடுத்தத நாங்க அல்லாரும் பாத்துக்கினுதான் இருந்தோம். அவங்கிட்ட அன்னிக்கே சொன்னோம். பாய் அப்பிடிப்பட்ட ஆளு இல்லன்னு எங்ககிட்ட சண்டைக்கி வந்தான். உங்க மேல தப்பில்லன்னு எங்க காதுல வுழணும்னுதான் இன்னிக்கி ஸ்பீக்கர்ல போட்டான்."