என்ன கிழமை?

அன்று புதன்கிழமை என்றுதான் அவன் நினைவு இன்றும் சொல்கிறது. அந்த நினைவை நம்பலாமா என்பதில் அவனுக்கே சந்தேகம். முகாமில் எல்லா நாளும் ஒரே நாள்தான்: ஓட்டம், கயிறு தாண்டல், மூட்டையைக் குத்துதல்.

பட்டாளத்துக் குத்துச்சண்டை அணியில் அவனுக்கு இடக்கை என்று பெயர். எட்டு வருஷமாகக் கோப்பை கோப்பையாகக் கொண்டுவந்த கை. பயிற்சியாளர் வெளியே போயிருந்த நேரத்தில், பயிற்சி ஆட்டத்தில், அதே கை அதே அணியில் ஆடிய லாரி டிரைவரின் தாடையில் இறங்கியது. டிரைவர் நின்ற இடத்திலேயே மடிந்தான்.

பயிற்சியாளர் இல்லாதபோது மயங்கியவனின் மருத்துவ அட்டையில் அதை மூத்தவன்தான் எழுத வேண்டும். எழுதினால் முப்பது நாள் மேடை ஏற முடியாது. பத்தே நாளில் இறுதிப்போட்டி. ஜெயித்தால் ஒரு மாத விடுப்பு. டிரைவரின் மனைவிக்கு அது ஒன்பதாம் மாதம்.

கண் விழித்தவனிடம், புத்தி தெளிவா என்று பார்க்க வழக்கமாகக் கேட்பதை இடக்கை கேட்டான்.

"இன்னிக்கு என்ன கிழமைடா?"

"புதன்ணே. தாடை இருக்கா, கழண்டு போச்சா, அதைப் பாத்துச் சொல்லுங்க."

இருவரும் சிரித்தார்கள். சிரித்த பிறகு அது புதன்கிழமையாகவே ஆகிவிட்டது. அட்டையில் எதுவும் ஏறவில்லை.

இறுதிப்போட்டியின் இரண்டாம் சுற்றில், அடி என்றே சொல்ல முடியாத ஓர் அடிக்கு டிரைவர் விழுந்தான். பிறகு எழவில்லை.

அவனுடைய இரும்புப்பெட்டியை வாங்கிப்போக மனைவி கைக்குழந்தையோடு வந்தாள். கடைசிக் கடிதத்தை இடக்கையிடம் காட்டினாள். 'இன்று அண்ணன் கையால் ஒன்று வாங்கினேன்' என்று கோணல் எழுத்தில் இருந்தது. முகாம் தபாலில் அன்றன்றே முத்திரை குத்திவிடுவார்கள். அந்தத் தேதியைச் சுவர் நாட்காட்டியில் தேடினான். செவ்வாய்.

"அவரு குண்டு குண்டா எழுதுவாருண்ணே. தலைவலின்னு ஏதாவது சொன்னாரா?"

'இல்லை' என்று சொன்னால் அவள் போய்விடுவாள். அந்தச் சொல் நாக்கு நுனிவரை வந்தது.

"கிழமை கேட்டேம்மா. தப்பாச் சொன்னான். அட்டையில எழுதாம நான் விட்டுட்டேன்."

அவள் குழந்தையைத் தோள் மாற்றிக்கொண்டாள்.

"நீங்க எழுதியிருந்தா, அவரு உங்களோட பேசியிருக்கவே மாட்டாரு," என்றாள். "ஆனா இருந்திருப்பாரு."

அன்றே இடக்கை நடந்ததை எழுதிக் கொடுத்தான். அணியிலிருந்து நீக்கினார்கள்; மிச்ச வருஷங்களைப் பண்டகசாலையில் கழித்தான். தெரிந்தே விட்டானா, தெரியாமலா என்பது மட்டும் அவனுக்கு இன்னும் பிடிபடவில்லை. பயிற்சியாளர் வேறு முகாமுக்கு மாற்றலானார். அவள் ஒரு பள்ளி அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். மகளுக்கு இப்போது ஆறு வயது. கிழமைகளை வரிசையாகச் சொல்வாளாம்.