கடித்துப் பார்க்காத பழம்

எங்கள் ஆய்வுக்கூடத் தலைவருக்கு நாங்கள் வைத்த பெயர் மூலக்கூறு. நேரில் சார், முதுகுக்குப் பின்னால் மூலக்கூறு. மனிதர் எதைப் பேசினாலும் 'மூலக்கூறு அளவில் பார்த்தால்' என்றுதான் ஆரம்பிப்பார். லிஃப்ட் பழுதானாலும் சரி, வீட்டில் மனைவி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாலும் சரி, காரணம் மூலக்கூறு அளவில்தான் இருக்கும். வெறும் கண்ணால் பார்க்க முடிகிற எதன் மேலும் அவருக்குப் பெரிய மரியாதை கிடையாது.

அவருடைய வாழ்நாள் சாதனை ஒரு பிளம்ஸ் பழம். சாதாரண பிளம்ஸில் தோல்தான் சிவப்பாக இருக்கும். இதில் சதையும் கொட்டை வரைக்கும் கருஞ்சிவப்பு. அந்த நிறத்தைக் கொடுக்கிற மரபணு எந்தக் கன்றில் மும்முரமாக வேலை செய்கிறது என்று பார்த்துப் பார்த்துப் பொறுக்கி, ஒட்டுக் கட்டி, ஒரு தோட்டமே வளர்த்துவிட்டார். அந்த நிறமி ஈரலில் படியும் கொழுப்பைக் கரைக்கும் என்பது அவர் கட்சி. அதை எலிகளை வைத்து நிரூபிக்க வேண்டியது என் வேலை. அதற்குத்தான் எனக்கு முனைவர் பட்டம், வெள்ளைக் கோட்டு எல்லாம். என் அண்ணன் என்னை 'மருந்து எழுதத் தெரியாத டாக்டர்' என்பான்.

பழத்தின் தரத்தை அளக்க எங்களிடம் இல்லாத இயந்திரம் இல்லை. நிறத்துக்கு ஒன்று, கெட்டித்தன்மைக்கு ஒன்று, சாற்றில் சர்க்கரை எவ்வளவு என்று சொல்ல ஒன்று, வாசனையைப் பிரித்துப் பிரித்துக் காட்ட ஓர் அறை நிறைய ஒன்று. நாக்கு மட்டும் அந்தக் கூட்டத்தில் சேர்த்தி இல்லை. உள்ளே எதையும் வாயில் வைக்கக் கூடாது என்று கதவிலேயே பலகை தொங்கும். நல்ல விதிதான். பக்கத்து மேஜையில் இருப்பதை எடுத்துக் குடித்தால் ஆள் தேற மாட்டார். ஆனால் பழத்துக்கும் அதே விதி. பறித்த கையோடு கொட்டையை எடுத்துத் துண்டு போட்டு, திரவ நைட்ரஜனில் முக்கிவிடுவோம். புகை அடங்கியதும் கல்லாகியிருக்கும். அதை இடித்துத் தூளாக்கி, எண் ஒட்டி, உறைபெட்டியில் அடைத்துவிட்டால் அதன் பிறகு அதைப் பழம் என்று யார் நினைப்பார்கள்? கடித்துப் பார்க்க வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றியதில்லை.

மூலக்கூறு கதை தனி. பழத்தின் மகிமை பற்றி நாடு நாடாகப் போய்ப் பேசுகிறவர் பழமே தொட மாட்டார். வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாதாம். உபதேசம் ஊருக்குத்தானே.

சோதனை எளிமையானது. ஒரு கூட்டம் எலிகளுக்குக் கொழுப்பு நிறைந்த தீனி. இன்னொரு கூட்டத்துக்கு அதே தீனியில் பிளம்ஸ் தூள் கலந்து கொடுத்தோம். தீனிக் கட்டிகளைக் கூண்டின் மேலே இருக்கும் கம்பித் தட்டில் வைப்போம். எலி கீழிருந்து கொறிக்கும். வைத்ததில் தட்டில் மிச்சம் இருப்பதைக் கழித்தால், தின்றது எவ்வளவு என்று தெரிந்துவிடும். இரண்டு கூட்டமும் சம அளவு தின்றதாகக் கணக்கு சொன்னது. ஆனால் முதல் கூட்டம் உருண்டு திரண்டு நடக்கவே சோம்பல்பட்டது. பிளம்ஸ் கூட்டமோ சிக்கென்று ஓடியது. அறுத்துப் பார்த்தால் ஈரல் பளிச்சென்று இருந்தது. மூலக்கூறு அன்று தன் கையால் எனக்குக் காப்பி எடுத்து வந்து கொடுத்தார். அவர் ஒருவருக்குக் காப்பி கொடுத்ததை அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை.

கட்டுரை வெளியானது. அதை முழுதாகப் படித்தவர்கள் ஒரு கை விரலில் அடங்குவார்கள். ஆனால் செய்தித்தாளில் 'ஈரலைக் கழுவும் பழம்' என்று தலைப்புப் போட்டார்கள். அதை எல்லோரும் படித்தார்கள். என் அண்ணனும் படித்தான்.

அண்ணன் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறான். உடம்பில் சர்க்கரை, ஈரலில் கொழுப்பு, வாயில் ஓயாத பேச்சு. கிளட்சை மிதிக்கத் தெரியாமல் வியர்த்துக்கொண்டிருக்கும் புது ஆளிடம்கூட 'என் தங்கச்சி கண்டுபிடிச்ச பழம்' என்று ஆரம்பித்துவிடுவான். மூலக்கூறுக்கு இது எட்டியது. எலிக்கு அடுத்தபடியாக ஒரு மனிதன் கிடைத்தால் விடுவாரா? பழக் கிடங்கிலிருந்து வாராவாரம் அண்ணன் வீட்டுக்கு ஒரு கூடை போக ஏற்பாடு செய்தார். எப்படி இருக்கிறது என்று நான் கேட்டதற்கு அண்ணன் 'அமிர்தம்' என்றான். சர்க்கரை மாத்திரையோடு சேர்த்து இரண்டு பழம் தின்றால் ஒன்றும் கெட்டுவிடாது என்று நானும் இருந்துவிட்டேன். சில மாதத்தில் ஆள் இளைத்தான். இடுப்புப் பட்டையில் புதிதாகத் துளை போட்டுக் கட்டிக்கொண்டு வந்து, "பாத்தியா, உன் எலி மாதிரியே ஆயிட்டேன்" என்று திரும்பித் திரும்பிக் காட்டினான். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

பழத்தை ஊருக்கு அறிமுகப்படுத்த ஒரு விழா என்று முடிவானது. கன்று வாங்கும் நாற்றுப் பண்ணைக்காரர்கள், பத்திரிகைக்காரர்கள், பெரிய மனிதர்கள் எல்லோருக்கும் அழைப்பு. அண்ணனுக்கும் அண்ணிக்கும் முன்வரிசையில் இடம். விழா வாரத்தில் எலிக்கூடத்தைப் பார்த்துக்கொள்பவர் விடுப்பில் போனார். அடுத்த சோதனைக்காக அதே இரண்டு தீனியும் வைத்த எலிகள் கூண்டில் இருந்ததால் படுக்கையை மாற்றும் வேலை என் தலையில் விழுந்தது. எலிக்குப் படுக்கை என்பது மரச்சீவல்தான். அழுக்கானதும் அப்படியே பையில் கவிழ்த்துக் கட்டிவிட வேண்டும். அதைக் கிளறிப் பார்க்கும்படி எங்கள் செய்முறையில் எங்கும் எழுதவில்லை. எனக்கு ஒரு கூண்டு கை தவறித் தரையில் கொட்டிவிட்டது.

சீவலுக்கு அடியில் ஊதா நிறத்தில் தூள் குவிந்திருந்தது. அத்தனையும் தீனி. அடுத்த பிளம்ஸ் கூண்டைக் கவிழ்த்தேன், அதிலும் அப்படித்தான். பிளம்ஸ் கலக்காத தீனி வைத்த கூண்டுகளில் பொட்டுத் தூள் இல்லை. எலி கட்டியைக் கொறித்துக் கொறித்துத் தூளாக்கிக் கீழே தள்ளி, மேலே சீவலையும் போட்டு மூடியிருக்கிறது. தட்டில் மிச்சம் இல்லாததால் தின்றுவிட்டதாக நாங்கள் எழுதிக்கொண்டோம். முதல் சோதனை எலிகளும் இதையேதான் செய்திருக்கும். அவற்றின் ஈரலை எந்த நிறமியும் கழுவவில்லை. பாவம், அவை பட்டினி கிடந்திருக்கின்றன. இத்தனை இயந்திரங்களையும் வைத்துக்கொண்டு, இத்துனூண்டு பிராணி முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்ததை நாங்கள் கண்டுபிடிக்கவில்லை.

கிடங்குக்குப் போய் ஒரு பழத்தை எடுத்து, பலகை தொங்காத இடமாகப் பார்த்து நின்று கடித்தேன். முதலில் ஒரு நொடி இனித்தது. பிறகு நாக்கு சுருண்டது, ஈறு இழுத்தது, கன்னம் இரண்டும் உள்ளே ஒட்டிக்கொண்டன. அப்புறம் ஒரு கசப்பு வந்து தொண்டையில் உட்கார்ந்தது. நிறத்தைக் கிளப்பிவிட்ட மரபணு, போகிற போக்கில் துவர்ப்பையும் கசப்பையும் கிளப்பிவிட்டிருக்க வேண்டும். நாலு வாய்த் தண்ணீர் குடித்தும் போகவில்லை. அப்போதுதான் அண்ணன் நினைவு வந்தது. இதையா அமிர்தம் என்றான்? வண்டிப் புகையிலேயே கிடந்து நாக்கு மரத்துவிட்டது போல என்று நினைத்துக்கொண்டேன். பட்டம் வாங்கிய மூளைக்கு அதற்கு மேல் ஓடவில்லை.

மூலக்கூறிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். ஊதாத் தூளைப் பையோடு மேஜையில் வைத்தேன். அவர் பையைத் தொடவில்லை, கண்ணாடியை மட்டும் துடைத்துக்கொண்டார். சர்க்கரை அளவு நன்றாக இருக்கும்போது சுவை எப்படிக் கெடும் என்று கேட்டார். ஒன்று கடித்துப் பாருங்கள் சார் என்றேன். வயிற்றைக் காரணம் சொன்னார்.

"பட்டினியும் ஒரு வழிதானேம்மா. மூலக்கூறு அளவுல பாத்தா ரெண்டும் ஒரே இடத்துலதான் போய் நிக்குது. விழா முடியட்டும், நிதானமா பேசலாம்."

விழாவுக்கு முன்னால் பேசினால் விழா இருக்காது, விழா முடிந்த பின் பேசினால் யாரும் கேட்க மாட்டார்கள். இது புரிய மூலக்கூறு அறிவு தேவையில்லை. புரிந்தும் வாயை மூடிக்கொண்டு வந்தேன். எலி செத்தால் யார் அழப்போகிறார்கள் என்றுதான் அப்போது தோன்றியது.

விழா மண்டபத்தில் வெள்ளைத் துணி விரித்த மேஜைகள், மேஜைக்கு மேஜை பூச்சாடி. ஒவ்வொரு நாற்காலிக்கு முன்பும் சின்னத் தட்டில் துடைத்து மெருகேற்றிய ஒரு பழம், பக்கத்தில் காகிதக் கைத்துண்டு. பழம் பார்க்க அவ்வளவு அழகு. மூலக்கூறு மேடையில் ஏறி, உலகத்தில் இதுவரை இவ்வளவு தரமான பழம் விளைந்ததில்லை என்று படம் போட்டு விளக்கினார். பிறகு எல்லோரும் சேர்ந்து கடிக்கும்படி அன்போடு கேட்டுக்கொண்டார். அவர் மட்டும் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

கடித்தார்கள். நாற்றுப் பண்ணை முதலாளிக்குக் கண்ணில் நீர் முட்டியது. ஒரு பெரிய மனிதர், மேலே விளக்கு எரிகிறதா என்று ரொம்ப நேரம் பார்த்தார். ஆனால் ஒருவரும் துப்பவில்லை. உலகத்திலேயே தரமான பழம் என்று இப்போதுதானே சொன்னார்கள், பிடிக்கவில்லை என்றால் நம் நாக்குக்குத் தரமில்லை என்று ஆகிவிடாதா? கைத்துண்டால் வாயை ஒற்றுகிற சாக்கில் காரியத்தை முடித்தார்கள். ஒன்று பூச்சாடிக்குள் போனது, ஒன்று திரைச்சீலைக்குப் பின்னால், ஒன்று பக்கத்து ஆளின் தட்டுக்கு அடியில். படித்த எலிகள். எப்படி இருக்கிறது என்று மூலக்கூறு கேட்க, வித்தியாசமான சுவை என்று யாரோ சொல்ல, எல்லோரும் கைதட்டினார்கள். வாய் திறக்காமல் பாராட்ட அது ஒன்றுதான் வழி.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே அண்ணன் பக்கம் திரும்பினேன். அவன் தட்டில் கொட்டை மட்டும் இருந்தது. அண்ணி ஒரு வாய் கடித்து வைத்த பழத்தையும் எடுத்துக் கடித்து, ஒரு சுளிப்பும் இல்லாமல் மென்றுகொண்டிருந்தான். என் கண் அவன் மேல் பட்டதும் கட்டை விரலை உயர்த்திக் காட்டினான். சட்டைக் காலருக்குள் கழுத்து ஆடிக்கொண்டிருந்தது. இளைத்திருக்கிறான் என்று நான் பெருமைப்பட்ட உடம்பு அன்றைக்கு எனக்கு வேறு மாதிரி தெரிந்தது. முன்னால் இருந்த தண்ணீர்ப் பாட்டில் காலியாகி, அண்ணியின் பாட்டிலும் காலியாகியிருந்தது.

நான் பின்னால் போய்க் குனிந்து, மாத்திரை ஒழுங்காகப் போடுகிறானா என்று அண்ணியிடம் கேட்டேன். அண்ணி திரும்பாமலே சொன்னார்.

"மாத்திரையா? முதல் கூடை வந்த அன்னிக்கே நிறுத்தியாச்சு. தங்கச்சி பழம் இருக்க மாத்திரை எதுக்குன்னுட்டார். கால் மரத்துப்போகுதுங்கறார், தண்ணி தண்ணின்னு குடிக்கிறார். உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டார்."

மேடையில் மூலக்கூறு, இந்தச் சாதனையில் தனக்குத் துணை நின்ற என்னை இரண்டு வார்த்தை பேச அழைத்துக்கொண்டிருந்தார். யாரோ என் கையில் இன்னொரு மைக்கைக் கொடுத்தார்கள். மேடைக்குப் போகிற வழியில்தான் அண்ணன் உட்கார்ந்திருந்தான். அவன் முன்னால் மண்டியிட்டு, அவன் வாய்க்குக் கீழே என் உள்ளங்கையை நீட்டினேன்.

"துப்புண்ணா."

மைக் என் கையில் இருந்ததால் அது மண்டபம் முழுக்கக் கேட்டது. அண்ணன் மெல்லுவதை நிறுத்தி என்னைப் பார்த்தான்.

"எலி இதைத் தின்னவே இல்லண்ணா. தூளாக்கிக் கீழ போட்டு மூடிருச்சு. பட்டினி கிடந்துதான் இளைச்சிருக்கு. நீயும் நல்லா ஆகல, சர்க்கரை ஏறி இளைச்சிருக்க. துப்பு."

மேடையிலிருந்து மூலக்கூறு ஏதோ சொன்னார். அவர் மைக்கின் இணைப்பை யாரோ துண்டித்துவிட்டார்கள். வேண்டுமென்றே துண்டித்தார்களா, தெரியாது. ஆனால் துண்டித்த மகராசன் வாயில் பிளம்ஸ் இருந்திருக்கும் என்பது என் ஊகம். பத்திரிகைக்காரர்கள் எழுந்து நின்று எழுத ஆரம்பித்தார்கள். அதுவரை அவர்கள் ஒன்றும் எழுதவில்லை.

அண்ணன் என் கையில் துப்பினான். கைத்துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு, தட்டில் கிடந்த கொட்டையைப் பார்த்தபடி சொன்னான்.

"வாயில வைக்க முடியலையே, எலி எப்படித் தின்னுச்சுன்னு நானும் முதல் நாளே யோசிச்சேன்."

"அப்புறம் ஏன் அமிர்தம்னு சொன்ன?"

"நீ பண்ணது. நீ தப்பா சொல்லுவியா?"

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இத்தனை படித்த கூட்டத்தில் அந்தப் பழத்தை மனதார நம்பி முழுங்கிய ஒரே பிராணி என் அண்ணன். எலிகூட என்னை அவ்வளவு நம்பவில்லை. வா, நேராக டாக்டரிடம் போகலாம், மருந்து எழுதத் தெரிந்த டாக்டரிடம் என்று அவன் கையைப் பிடித்து எழுப்பினேன். எழுந்தவன் தடுமாறி என் தோளில் சாய்ந்தான். கனமே இல்லை.

வெளியே வந்ததும் அண்ணி கைப்பையைத் திறந்தார். நிறுத்திய நாளிலிருந்து அவர் மாத்திரை அட்டையைப் பையிலேயே சுமந்துகொண்டிருந்திருக்கிறார். அதை எடுக்கும்போது கூடவே ஒரு காகிதக் கைத்துண்டும் வெளியே விழுந்தது. அதற்குள் ஒரு வாய் பிளம்ஸ். அண்ணி அதைக் குனிந்து எடுத்துப் பழையபடி உள்ளே திணித்துக்கொண்டு, எங்கள் இருவரையும் பார்க்காமல் கார் சாவியைத் தேடினார்.

டாக்டரைப் பார்த்தோம். மாத்திரையை விட்டதற்கு அண்ணனுக்கும், கூடப்பிறந்தவள் என்கிற முறையில் எனக்கும் நல்ல திட்டு கிடைத்தது. இன்னும் தாமதித்திருந்தால் காலைப் பற்றித் தனியாகப் பேச வேண்டியிருக்கும் என்றார். பழைய மாத்திரையையே அங்கேயே ஒன்று போடச் சொன்னார். அண்ணன் அதை நாக்கில் வைத்தான், தண்ணீர் குடிப்பதற்குள் அது கொஞ்சம் கரைந்துவிட்டது. மாதக்கணக்கில் அந்தப் பழத்தைச் சுளிக்காமல் தின்ற மனிதன் முகத்தை அஷ்டகோணலாக்கிக்கொண்டு என்னைப் பார்த்தான்.

"பாப்பா, கசக்குது."