புருஷன் வேஷம்

இலங்கை மலையகத்தின் மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்தில் நாடகம் என்றால் வீரய்யாதான். எழுதுவதும் அவன், ராஜா வேஷம் கட்டுவதும் அவன். அப்படிக் கொடிகட்டிப் பறந்தவனுக்கு, பெரகலயிலிருந்து தேயிலை அரைக்கும் ஸ்டோர் வேலைக்கு வந்த இராசையாவைக் கண்டாலே வயிறு எரிந்தது. இராசையாவுக்குக் கணீரென்ற குரல். போதாததற்கு வீரய்யாவின் மனைவி பாக்கியலெட்சுமி ஒருநாள், "அந்தண்ணன் பேசுனா கேட்டுக்கிட்டே இருக்கலாங்க" என்று சொல்லித் தொலைத்தாள். அண்ணன் என்றுதான் சொன்னாள். அது அவன் காதில் ஏறவே இல்லை. அன்றைக்கு அவன் சோற்றில் கை வைக்கவில்லை.

அந்த வருஷம் தீபாவளி நாடகத்தில் பெரிய மனது பண்ணி இராசையாவுக்கே முக்கிய வேஷத்தைக் கொடுத்தான். பெண்டாட்டியைச் சந்தேகப்படும் புருஷன் வேஷம். வாயைத் திறந்தாலே ஆளின் லட்சணம் தெரிய வேண்டும். பொம்பளைகள் காறித் துப்ப வேண்டும், முக்கியமாகப் பாக்கியம் துப்ப வேண்டும். அதுதான் அவன் போட்ட திட்டம். வசனத்துக்காக அவன் மண்டையை உடைத்துக்கொள்ளவே இல்லை, தானாக வந்து விழுந்தது. எப்படி இவ்வளவு சுலபமாக வருகிறது என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். பொறாமைக்காரனுக்கு யோசிக்க ஏது நேரம்?

தீபாவளிக்கு மறுநாள் பகல், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் மேடை. பெண்டாட்டி வேஷத்தில் சேலை கட்டி நின்ற முத்துக்கருப்பனைப் பார்த்து இராசையா உறுமினான்.

"பீலிக்குத் தண்ணி எடுக்கப் போனவளுக்கு இம்புட்டு நேரமா? அங்க எவன் நின்னான்? பல்லக் காட்டிச் சிரிச்சியாமே! தலையில பூவு யாருக்குடி?"

யாரும் துப்பவில்லை. ஒவ்வொரு தலையாகத் திரும்பி, மேடையோரம் நின்ற வீரய்யாவைப் பார்த்தது. ஒரே கூரைக்கடியில் வீடுகள் வரிசையாக ஒட்டிக் கிடக்கும் லயத்தில் நடுச்சுவர் கூரை வரைக்கும் போகாது, ஒரு காம்பராவில் பேசுவது அடுத்ததில் கேட்கும் என்பதை, அங்கேயே பிறந்து வளர்ந்தவன் மறந்துபோனான். பக்கத்துக் காம்பரா இராக்கம்மா வாய்விட்டே சொன்னாள்.

"அட, இதத்தான நான் தெனம் அந்திக்குக் கேக்குறேன்!"

களமே சிரித்தது. பாக்கியம் மட்டும் தலையைக் குனிந்துகொண்டாள். மேடையிலிருந்த இராசையா அதைப் பார்த்துவிட்டான்.

எழுதியபடி அடுத்து, "வெளிய போடி" என்று அவன் மனைவியைப் பிடித்துத் தள்ள வேண்டும். அவன் தள்ளவில்லை. "தப்பு எம்மேலதான் புள்ள. ஒன்ன ரொம்ப நோகடிச்சிட்டேன், மன்னிச்சிரு" என்றான். கைதட்டல் நிற்கவே இல்லை.

பாக்கியம் முந்தானையால் கண்ணைத் துடைத்ததைக் கண்டதும் வீரய்யாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு அவளிடம் ஓடினான்.

"ஏய், கடைசியாச் சொன்னது நான் எழுதுன வசனமில்லடி! அவனாச் சேத்துக்கிட்டான்!"

"தெரியுங்க" என்றாள் பாக்கியம். "அது ஒங்களுக்கு வராது."