பாலகுமார் மாட்டி வைத்த ஸ்பிரிங்

மஞ்சக்குப்பத்தில் எனக்குத் தையல் மெஷின் ரிப்பேர் கடை. பீச்சில் பலூன் சுடவைக்கிறவர்களின் ஏர்கன்னையும் பார்ப்பேன். லூர்துசாமி பார்த்த சாமான் மறுபடி ரிப்பேருக்கு வராது என்று பேர். அந்தத் திமிரில்தான் சௌந்தரம் என்கிற அம்மாவிடம் எரிந்து விழுந்தேன்.

சிதம்பரத்திலிருந்து பஸ் ஏறி வந்திருந்தார். துண்டில் சுற்றிய பழைய ஏர் பிஸ்டல். குழலை மடக்கி அமுக்கினால் உள்ளே ஸ்பிரிங் சுருங்கி மாட்டிக்கொள்ளும். டிரிக்கரை இழுத்தால் விடுபடும். மேலெல்லாம் துரு. ஸ்பிரிங் மாட்டியபடியே இருந்தது.

“எத்தினி மாசமா இப்பிடியே வச்சிருக்கீங்க? ஸ்பிரிங் செத்துப்போவும்மா. அறிவு வேணாம்?”

“எட்டு மாசம்ண்ணே. அத விட்டுடாதீங்க. துருவ மட்டும் எடுத்துக் குடுங்க.”

பிறகுதான் சொன்னார். மகன் பாலகுமார் அதை நெல்லிக்குப்பத்தில் பழைய இரும்புக் கடையில் வாங்கி, தோல் வாஷர் வெட்டிப் போட்டு, ஆறு மாதம் அதோடே கிடந்தானாம்.

“அன்னிக்குக் காலையிலதான் மொத மொதல்ல மாட்டிச்சு. ‘யம்மா, புடிச்சிக்கிச்சு பாரு’ன்னு கத்துனான். குண்டு வாங்கியாறேன்னு பைக்க எடுத்துக்கிட்டு கடலூருக்குக் கெளம்புனான். ஆலப்பாக்கம் தாண்டலண்ணே.” முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். “அவன் பலம் இதுக்குள்ளதான் இருக்கு. வேற ஒண்ணும் எங்கிட்ட இல்ல.”

ஸ்பிரிங்கை விடமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

மூன்று நாள் உட்கார்ந்து செய்தேன். மண்ணெண்ணெய்த் துணி, மெல்லிய இரும்பு நார், கடைசியில் மெஷின் ஆயில். டிரிக்கர் ஓரத்தைத் தீக்குச்சியில் துணி சுற்றித்தான் துடைத்தேன், அத்தனை பயம். துரு போய்க் கறுப்பு மின்னியது. எனக்கே பெருமையாக இருந்தது. முப்பது வருஷமாக, வேலை முடிந்ததும் எந்தத் துப்பாக்கியையும் ஒருதரம் சுட்டுப் பார்ப்பது வழக்கம். மரத்தூள் மூட்டையைப் பார்த்து நீட்டினேன். இழுத்துவிட்டேன்.

தப் என்றது. அவ்வளவுதான். எட்டு மாதம் அந்த அம்மா காபந்து பண்ணி வைத்திருந்தது போயே போய்விட்டது. பாவி, பாவி என்று தலையில் அடித்துக்கொண்டேன். அடித்துக்கொண்டு என்ன செய்ய?

சனிக்கிழமை அவர் வரவேண்டும். உண்மையைச் சொல்லிவிடுவது என்றுதான் அன்று கடையைத் திறந்தேன். பத்து மணிக்கு, தூரத்தில் அவர் நடந்து வருவது தெரிந்ததும் தைரியம் போய்விட்டது. அவசரமாகக் குழலை மடக்கி அமுக்கினேன். தளர்ந்துபோன ஸ்பிரிங், சுலபமாக மாட்டிக்கொண்டது.

கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“அவன் மாட்டுனது அப்பிடியேதானண்ணே இருக்கு?”

“அப்பிடியேதாம்மா இருக்கு.”

குழந்தையைப் போல அதைத் துண்டில் பொதிந்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு என் வலது கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அங்கேயே செத்துவிடலாம் போலிருந்தது எனக்கு.

“இந்தக் கை நல்லாருக்கணும்ண்ணே” என்றார்.